பந்திப் பாட்டு

என் வாழ்நாளில் ஜாஸ் இசைக்கு நான் ஒரே ஒரு முறை சேவை செய்திருக்கிறேன். அதையும் காதால் செய்யவில்லை, வயிற்றால் செய்தேன். இன்றைக்கும் வீட்டில் யாராவது பழைய இசைத்தட்டு என்று பேச்செடுத்தால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவேன். மனைவி உடனே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அவள் இந்தக் கதையை நாற்பது தடவை கேட்டுவிட்டாள். நீங்கள் கேட்டதில்லை. உட்காருங்கள்.

அம்மாவின் தங்கைக்கு, அதாவது என் சித்திக்கு, கல்பாக்கத்தில் ஆய்வுக்கூட வேலை. கல்யாணம் ஆகவில்லை, குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தாள். சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், சித்தி மாமல்லபுரத்துக்குப் போவாள். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமான்களை விற்கும் கடைகள் அங்கே உண்டு. கடலோரப் பங்களாக்கள் கைமாறும்போது வாட்ச்மேன்கள் மூட்டை கட்டிக் கொண்டுவந்து போடுவதும் அங்கேதான். அந்தக் குப்பையில் சித்தி தேடியது ஜாஸ் தட்டுகளை. அரக்கில் செய்த பழங்காலத் தட்டுகள். கீழே விழுந்தால் அப்பளம். நகை வாங்க வேண்டிய காசில் உடைகிற சாமான் வாங்குகிறாளே என்று அம்மா புலம்பாத நாள் இல்லை.

தட்டு வாங்க சித்தியிடம் ஒரு முறை இருந்தது. வேண்டிய பொருளைக் கண்ணெடுத்தும் பார்க்கக் கூடாது. பக்கத்தில் கிடக்கும் துருப்பிடித்த ஸ்டவ்வை எடுத்து, திருகிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அரை மணி நேரம் பேரம் பேச வேண்டும். கடைக்காரர் களைத்ததும், போகிற போக்கில், "இந்தத் தட்டையும் அதோட போட்டுடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். இப்படி வாங்கியதில் சித்தி வீட்டில் நாற்பத்தொரு தட்டுகளும் ஆறு ஸ்டவ்வும் சேர்ந்திருந்தன.

எனக்கு ஒன்பது வயதில், கோடை விடுமுறைக்கு எங்கள் ஊர் படாளத்திலிருந்து சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் மத்தியானம் சித்தி ஒரு கேசட்டைப் போட்டாள். சென்னையில் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் தட்டு சேர்ப்பவர்; அவர் பதிந்து கொடுத்தது. யுத்த காலத்தில் கல்கத்தா ஓட்டல் ஒன்றில் வாசித்த ஒரு கூட்டத்தின் தட்டு அது. அவரிடம் இருந்தது விரிசல் விட்டது, இருபது விநாடிக்கு மேல் ஓடாது. முழுத் தட்டை இருவருமே வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு டிரம்பெட். நான் எழுந்தேன். போய்க் கையைக் கழுவினேன். திரும்பி வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னடா?" என்றாள் சித்தி.

"சோறு போடு சித்தி."

"இப்பத்தானே சாப்பிட்ட?"

"பந்திப் பாட்டு போட்டியே" என்றேன்.

படாளத்தைச் சுற்றி எட்டு ஊர்க் கல்யாணங்களுக்கும் ஒரே மைக் செட்காரர்தான். அவருக்கு வேறு பெயர் இருந்ததா என்று தெரியாது, ஊருக்கே அவர் 'மைக் செட்'. எங்கோ ஏலத்தில் அவருடைய அப்பா எடுத்த கிராமபோன் பெட்டியில் ஒரு வெள்ளைக்காரத் தட்டும் கிடந்திருக்கிறது. ஏதோ ஒரு கல்யாணத்தில் அதைத் தெரியாமல் போட்ட நேரமும் இலை போட்ட நேரமும் ஒன்றாகிவிட்டன. அன்றிலிருந்து அந்தத் தட்டை ஒலிபெருக்கிக் குழாயில் போட்டால்தான் சனம் சாப்பிட எழும். கேசட் வந்தபிறகும் இந்த ஒரு தட்டுக்காகவே பழைய பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். நாங்கள் அதற்கு வார்த்தைகள்கூடப் போட்டிருந்தோம்: எலய போடு, எலய போடு, வடையும் போடு. சித்திக்கு இது தெரிய வழியில்லை. அவள் செங்கல்பட்டு டவுனில் வளர்ந்தவள். எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு வந்தால் மொய் எழுதிய கையோடு பஸ்ஸைப் பிடித்துவிடுவாள்.

நான் அந்த வார்த்தைகளை டிரம்பெட்டோடு சேர்த்துப் பாடிக் காட்டினேன். கேசட் இருபதாவது விநாடியில் நின்றது, நான் நிற்கவில்லை. மிச்சத்தையும் பாடி முடித்தேன். சித்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் மேதை. ஆனால் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சென்னைப் பெரியவர் கேசட் மாற்றிக்கொள்ள வந்தார். சித்தி காபி போட உள்ளே போனாள். அவர் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டி, லீவில் என்ன செய்கிறாய் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மைக் செட்டின் வீடு பால் சொசைட்டிக்குப் பின்னால் இருப்பதையும் சொன்னேன். அவர் காபி குடிக்காமலேயே கிளம்பிவிட்டார். என் உதட்டோரம் இருந்த சாக்லேட்டைச் சித்தி பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, தன் தட்டுகளில் நல்லதாக நான்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, செங்கல்பட்டில் பஸ் மாறி என்னோடு படாளம் வந்தாள். மைக் செட் வாசலில் உட்கார்ந்து ஒரு குழாய்க்கு அலுமினியப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சித்தி வழக்கம்போல முதலில் குழாயின் விலையைக் கேட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

"நீயும் அந்தத் தட்டுக்குத்தாம்மா வந்துகீற? நேத்தே ஒரு பெருசு காருல வந்துச்சு. ஆயிரம் ரூபான்னுச்சு."

சித்தியின் குரல் தாழ்ந்துவிட்டது. "கொடுத்துட்டீங்களாண்ணே?"

"குடுத்துட்டா வெள்ளிக்கெழம கல்யாணத்துல சனத்த யாரு எழுப்பறது, அந்தப் பெருசா? ஞாயித்துக்கெழம இன்னும் ரொம்பக் கொண்டாரேன்னு சொல்லிட்டு போய்கீது. லாரி நெறைய கொண்டாரட்டும். தட்டு போச்சின்னா என் தொழிலு போச்சி."

சித்தி சிறிது நேரம் யோசித்தாள். பிறகு, விலைக்கு வேண்டாம், ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. தட்டு முழுசாக ஓடி முடிந்தது. எனக்கு எச்சில் ஊறியது. சித்தி எழுந்து, மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? இந்தப் பக்கம் போட்டா சோறு. அப்புறம் ஏப்பம். பின்னாடி பக்கத்துக்கு எங்க நேரம்?"

சித்தி தட்டைத் திருப்பிப் போட்டாள். அந்தப் பக்கம் மெதுவாக ஏதோ ஓடியது. அதில் வடையும் இல்லை, பாயசமும் இல்லை. நான் தின்ன ஏதாவது கிடைக்குமா என்று அவர் வீட்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது பெயின்ட் பிரஷ் அவர் கையில் அப்படியே நின்றிருந்தது. பெயின்ட் சொட்டி வேட்டியில் வெள்ளிக் கோடு போட்டிருந்தது. தட்டு முடிந்தபிறகுதான் அவர் பிரஷைக் கீழே வைத்தார்.

பிறகு அவரேதான் கேட்டார். "சனத்த எழுப்பற மாதிரி ஒன்னாண்ட வேற தட்டு கீதா?"

சித்தி நான்கையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். அவர் கண்ணை மூடி, வலது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு கேட்டார். முதல் தட்டுக்குத் தலையை ஆட்டினார். "வயித்துக்குப் போவல. காதோட நின்னுட்ச்சி." இரண்டாவது தாலாட்டு மாதிரி இருக்கிறது என்றார். மூன்றாவதற்கு ஏப்பம் வருகிறதாம், சாப்பிட்டபிறகு போடலாம் என்றார். நான்காவது, சித்தி இருப்பதிலேயே உயிராக வைத்திருந்த தட்டு. மற்றவற்றைவிட மேலாகத் தெரியட்டும் என்று கடைசியில் வைத்திருந்தாள். அதற்கு அவர் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டினார்.

"இது கொஞ்சம் பசிக்குது."

ஒப்பந்தம் இதுதான்: வெள்ளிக்கிழமைக் கல்யாணத்தில் பந்திப் பாட்டுக்குப் பதில் சித்தியின் தட்டைப் போடுவது. அது ஓடி முடியும் மூன்று நிமிஷத்துக்குள் சனம் பந்திக்கு எழுந்தால், தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொள்ளலாம். எழாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெருசு இன்னும் பெரிய தொகையோடு வரும். அதற்குமேல் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் மைக் செட்.

கல்யாணத்துக்கு முன்னால் சித்தி என்னை ஓரமாக அழைத்துப் போய், நீ எந்த வேலையும் செய்யக் கூடாது, நேர்மையாக ஜெயித்தால்தான் அந்தத் தட்டை எடுத்துக்கொள்வேன் என்று சத்தியம் வாங்கினாள். நான் கற்பூரம் இல்லாததால் என் தலையிலேயே அடித்துச் சத்தியம் செய்தேன்.

தாலி கட்டியாயிற்று. பந்தலுக்குப் பின்னால் இலை போட்டுவிட்டதாகச் சமையல்காரர் சைகை காட்டினார். மைக் செட் சித்தியின் தட்டைப் போட்டார். குழாயில் டிரம்பெட் அதிர்ந்தது. ஒருவரும் அசையவில்லை. நிலத் தகராறு பேசிக்கொண்டிருந்தவர்கள் தகராறைத் தொடர்ந்தார்கள். "இன்னாடா இது, புதுசா எத்தையோ போட்டுகினு கீறான்" என்று எனக்குப் பின்னால் ஒரு தாத்தா காதைக் குடைந்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. சாம்பார் வாசனை பந்தல் முழுக்க வந்துவிட்டது, ஆனாலும் பாட்டு வராமல் எழுந்து போனால் அலைகிறான் என்று பெயராகிவிடும் அல்லவா? இருநூறு பேரும் மரியாதையாகப் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது நிமிஷமும் போயிற்று. சித்தி மைக் செட் மேஜைக்குப் பக்கத்தில் நின்று தட்டின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி நடுவை நெருங்க நெருங்க அவள் முகம் சிறுத்துக்கொண்டே போயிற்று. நான் தின்ற சாக்லேட் ஐந்து நாள் கழித்து என் வயிற்றில் கசந்தது. மைக் செட் மட்டும் ஊசியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து, கூட்டத்துக்கு மேலாக, என்னைப் பார்த்தார். வலது கையை வயிற்றில் வைத்து மெதுவாகத் தடவினார்.

நான் ஓடினேன்.

சித்தியின் மேல் இருந்த பாசத்தால் ஓடினேன் என்று எழுதத்தான் ஆசை. பாதி அதுதான். மீதிப் பாதி வடை. சத்தியம் பந்தலிலேயே உட்கார்ந்திருக்க, அரைக்கால் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே பறந்தேன்.

எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. எட்டு ஊர்க் கல்யாணங்களில் ஒன்றில்கூட நான் முதல் பந்தியைத் தவறவிட்டதில்லை. போட்ட இலை எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. பின்னால் அந்தத் தாத்தாவின் குரல் கேட்டது.

"தே, அவனே ஓட்றான்டா. எல போட்டாச்சி, எழுந்திருங்க."

அவ்வளவுதான். நிலத் தகராறு பாதியில் நின்றது. இருநூறு நாற்காலிகளும் ஒன்றாகப் பின்னால் தள்ளப்பட்ட சத்தத்தில் டிரம்பெட்டே கேட்கவில்லை. நான் முதல் இலையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது தட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயித்த படைத்தலைவனுக்குக்கூட அப்படி ஒரு கூட்டம் பின்னால் வந்திருக்காது. அன்று ஏழு வடை தின்றேன். ஒருவரும் எண்ணவில்லை, எண்ணியிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

சித்தி அந்தக் கல்கத்தாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தட்டோடு சேர்த்துத் தன்னையும் தூக்கிக்கொண்டாள். செங்கல்பட்டில் இறங்கியதும் எனக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்து, இனிமேல் இதை என்னிடம் மட்டும்தான் வாங்கித் தின்ன வேண்டும் என்றாள். சத்தியத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பெரியவர் படாளத்துக்குப் போய் வெறுங்கையோடு அங்கிருந்து நேராகக் கல்பாக்கம் வந்தார். சித்தி பெருந்தன்மையாக நாற்காலி போட்டு, முழுத் தட்டையும் இரண்டு பக்கமும் போட்டுக் காட்டினாள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாசலில் நின்று, எனக்குப் படைத்தலைவன் நடை வருகிறதா என்று பழகிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் அடுத்த கல்யாணத்திலேயே சித்தியின் தட்டு பழகிவிட்டது. பொங்கலுக்குள் அதற்கும் வார்த்தை போட்டுவிட்டோம். மைக் செட் மட்டும் ஐந்தாறு மாதத்துக்கு ஒருமுறை கல்பாக்கத்துக்கு வருவார். காபி வேண்டாம் என்பார். அந்தப் பின்னாடி பக்கத்தைப் போடும்மா என்று கேட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்.

நான் பல வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இருநூறு பேரை எழுப்பியது நான்தான் என்று. கல்யாணத்தன்று காலை மைக் செட் வயிறு முட்ட ஆறு இட்லி சாப்பிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தும், கூட்டத்துக்கு மேலாக என்னையே பார்த்து அவர் வயிற்றைத் தடவியபோது எனக்கு அன்றைக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: பாவம், இவருக்கும் பசி.