டிக்சன் சரிபண்ணிக் கொடுத்த கிட்டார்

நாசரேத்தில் பாலிடெக்னிக் படிக்கும்போதுதான் ஜெப்ஸி அந்த எலெக்ட்ரிக் கிட்டாரைச் செய்தாள். வீட்டு வாசல் கதவை மாற்றியபோது மிஞ்சிய பலாப்பலகையை ஆசாரியிடம் கொடுத்து வெட்டி வாங்கினாள். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காயிலை அவளே சுற்றினாள். அம்மாவின் தையல் மிஷின் சக்கரத்தில் காந்தத்தைக் கட்டிவிட்டு, தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிச் சுற்றினாள். அறுந்தது. மறுபடி சுற்றினாள். பார்வைக்கு அந்தக் கிட்டார் சப்பாத்திப் பலகைக்குக் கை முளைத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் சுருதி சுத்தம். ஊர்க் கோயில் பாடகர் குழுவில் அதை வைத்துத்தான் வாசித்தாள்.

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தபோது அதையும் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையூரணியில் வீடு. புருஷன் டிக்சன், துறைமுகத்தில் கிரேன்களுக்கு மின்வேலை பார்க்கும் ஒரு கான்டிராக்டரிடம் சூப்பர்வைசர்.

"நீயா செஞ்ச?" என்று முதல் நாளே கேட்டான். "பொய் சொல்லாத. சோல்டரிங் யாரு வச்சுக் குடுத்தா?"

"நான்தான் அத்தான்."

"சரி, சரி. நீதான்" என்று சிரித்தான்.

டிக்சன் குடிக்க மாட்டான். கை நீட்ட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்வரிசையில் இருப்பான். அதனால் அவனைப் பற்றி ஜெப்ஸி வெளியே சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவள் வைக்கிற குழம்பை இன்னொரு வீட்டுக் குழம்போடு ஒப்பிட்டு, ஒரு படி குறைத்தே புகழுவான். அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்ததை, "பிள்ளைகளுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் குடுக்கா" என்று விருந்தாளிகளிடம் சொல்லுவான். எல்லாம் சிரித்த முகமாகவே நடக்கும்.

இரண்டாம் வருஷம் அவளுக்கு வயிற்றிலிருந்த பிள்ளை ஆறாம் மாசத்தில் போயிற்று. அம்மா வீட்டில் கிடந்து உடம்பு தேறித் திரும்பி வந்தாள். சாப்பாட்டு மேசையில் கிட்டார் இருந்தது. அதற்கு ரிப்பன் கட்டியிருந்தது.

"உனக்காகத்தான்" என்றான் டிக்சன். "சும்மா படுத்தே கிடக்கப் போறியேன்னு லீவு போட்டுச் செஞ்சேன்."

கம்பிகள் ஏறி நிற்கிற பிரிட்ஜைப் பிடுங்கி இரண்டு விரல்கடை முன்னால் தள்ளி அடித்திருந்தான். அந்த இடத்தில் ஒரு தகரப் பிளேட். அதில் கிரேன் பேனலிலிருந்து கழற்றிய பெரிய ஸ்விட்சுகள். அவள் சுற்றிய காயிலுக்குப் பக்கத்தில் ஏதோ ரிலேயின் காயிலையும் சொருகியிருந்தான். பலகைக்குள் ஒரு பஸ்ஸர் தகட்டை ஒட்டியிருந்தான். எர்த் வயரை எங்கேயும் கொடுக்கவே இல்லை. ஸ்பீக்கரில் மாட்டியதும் அது உறுமியது. கழுத்துப் பலகையில் எந்த மெட்டுக் கம்பியருகே விரல் வைத்தாலும் சுருதி எக்கிக்கொண்டு நின்றது. கம்பியின் நீளம் குறைந்துவிட்டால் மெட்டுகளின் இடமும் மாற வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

ஜெப்ஸி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சந்தோஷத்துல அழுதா பாரு" என்றான் டிக்சன் தன் அம்மாவிடம்.

அவன் அம்மா ஜெயபாய் திரும்பிப் பார்க்கவில்லை. "பிள்ள போன வீட்டுல பாட்டு ஒண்ணுதான் கொறச்சல்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அதைப் பிரித்துப் பழையபடி மாட்ட ஜெப்ஸிக்கு ஒரு பகல் போதும். ஆனால் பெண்டாட்டியின் துக்கத்துக்கு மருந்தாகத் தான் செய்தது என்று டிக்சன் கோயிலில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தான். பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று கேட்டார்கள். அந்தத் தகரத்தைப் பெயர்த்தால் அவள் எப்பேர்ப்பட்டவள் ஆவாள்?

வீட்டுக்கு யார் வந்தாலும் டிக்சன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவான். "வாசி ஜெப்ஸி." அவள் வாசிப்பாள். கேட்க முடியாது. வந்தவர்கள் டீயைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பாட்டு முடிந்ததும் அவன் அவள் தோளைத் தட்டி, "வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எந்தக் கிட்டாரும் ஒண்ணுதான். பரவால்ல, பழகிரும்" என்பான்.

இப்படியே வருஷங்கள் போயின.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜெயபாய் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போயிருந்தாள். அன்றைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஜெப்ஸி ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். எங்கிருந்து உறுமல் வருகிறது என்று பார்க்க ஸ்பீக்கரையும் மாட்டினாள். தகரத்தின் மேல் உள்ளங்கை பட்டது. உறுமல் அடங்கியது. கையை எடுத்தாள். திரும்ப வந்தது. மெல்ல வைத்து மெல்ல எடுத்தாள். கனத்த உடம்புக்காரர் ஒருவர் அடுத்த அறையில் படுத்து மூச்சு விடுவது போல இருந்தது. அவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டாள்.

பிரிட்ஜ் முன்னால் போனதால் அதற்குப் பின்னே கம்பி நீளமாக மிஞ்சியிருந்தது. அங்கே நகத்தால் தட்டினால், குகைக்குள் தண்ணீர் சொட்டியது. பஸ்ஸர் ஒட்டியிருந்த இடத்தில் ஈரத் துணியை அழுத்தித் தேய்த்தால், பழைய தோணி அலையில் புரண்டு முனகியது. அடுப்படிக்குப் போய்க் கல்லுப்பு ஒரு பிடி அள்ளி வந்து பலகையின் மேல் தூவினாள். தகரக் கூரையில் மழை! பெரிய ஸ்விட்சைப் போட்டு அணைத்தால் இடி. பாட்டுக்கு ஆகாமல் போன ஒவ்வொரு கோளாறும் வேறு எதற்கோ ஆகிற கோளாறாக இருந்தது. ஜெயபாய் வந்து, "தரையெல்லாம் உப்பா இருக்கு, என்ன கூத்து இது" என்று சத்தம் போடுகிற வரைக்கும் அவள் எழுந்திருக்கவே இல்லை.

கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர் சத்தியராஜ். பள்ளிக்கூடத்தில் அவளோடு வேலை பார்க்கும் தமிழாசிரியர். அறுப்பின் பண்டிகைக்குப் பிள்ளைகளை வைத்து, புயலில் கடலில் எறியப்பட்டு மீன் வயிற்றில் கிடந்த யோனாவின் நாடகம் போடுவதாக இருந்தார். ஓய்வு வேளையில் அவள் போனில் பதிந்ததை அவரிடம் போட்டுக் காட்டினாள்.

"இது என்னது ஜெப்ஸி? எந்தப் படத்துல இருந்து எடுத்த?"

"கிட்டார்தான் அண்ணன். எங்க வீட்டுக் கிட்டார்."

"அந்தக் கிட்டாரா!" என்றார். அவரும் ஒருநாள் அந்த வீட்டில் டீயைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்தான்.

பண்டிகை அன்று ஜெப்ஸி திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். கப்பல் புயலில் மாட்டுகிற இடத்தில் உப்பைத் தூவினாள், துணியைத் தேய்த்தாள். மண்டபத்தில் தோணியில் வேலை பார்த்தவர்கள், துறைமுகத்துக்காரர்கள் என்று நிறையப் பேர். முதல் வரிசையில் ஒரு பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். மீன் வயிற்றுக்குள் விளக்கை அணைத்தார்கள். இருட்டில் அந்த மூச்சு மட்டும் வந்து வந்து போனது. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. வயிற்றுக்குள் ஒரு உயிர் கிடந்து மூச்சு வாங்குவதைத் தன் உள்ளங்கையால் நிறுத்தி நிறுத்தி விட்டுக்கொண்டிருந்த ஜெப்ஸிக்கு, கொஞ்ச நேரம் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோனது. முகம் முழுக்க ஈரம். யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவளைத் தேடி ஆள் வந்தது. பெரிய வெள்ளி நாடகத்தில், இயேசு உயிர்விட்டபோது பூமி அதிர்ந்த சத்தம் அவளுடையது. பக்கத்துச் சேகரத்துக் கோயில்காரர்கள் அவர்களுடைய நாடகத்துக்கு அழைத்துப் போனார்கள். "அது நான் செஞ்சு குடுத்த கிட்டார்லா" என்று டிக்சன் முதலில் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் நின்றபோது சத்தியராஜ் விளையாட்டாகச் சொன்னார்: "ஏலே டிக்சன், நீ கெடுத்து வச்சத வச்சே உன் வீட்டம்மா பேரு வாங்கிட்டா பாத்தியா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டிக்சனும் சிரித்தான். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தான். ஜெப்ஸி சிரிக்கவில்லை.

வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். இறங்கும்போது, "எல்லாருக்கும் உன்னத் தெரிஞ்சிருக்கு, நல்லதுதான்" என்றான்.

அடுத்த வாரம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கிட்டார் இல்லை.

"ஒயர் ஒண்ணு ஆடிச்சு. சரிபண்ணக் குடுத்திருக்கேன்."

"எங்க குடுத்தீங்க? நானே பாத்திருப்பேன்லா."

"நீ எதுக்குக் கஷ்டப்படணும்?"

தினமும் கேட்டாள். தினமும் வரும் என்றான். அவர்களுடைய பத்தாவது கல்யாண நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஸ்தோத்திர ஜெபம் முடிந்ததும், போதகரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தபடி, டிக்சன் கறுப்பு உறை ஒன்றைத் தூக்கிக்கொண்டு பீடத்துக்கு முன் போய் நின்று அவளை அழைத்தான்.

உறைக்குள் அவளுடைய கிட்டார் இருந்தது. சென்னையில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் செய்திருந்தான். பலகையை இழைத்துத் தேன் நிறத்தில் பாலிஷ் போட்டிருந்தார்கள். தகரம் இல்லை. ஓட்டைகளை அதே மரத்தால் அடைத்திருந்தார்கள், தடவினால்கூடத் தெரியாது. பிரிட்ஜ் புதிது, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவள் சுற்றிய காயில் இருந்த இடத்தில் வெளிநாட்டுக் காயில்.

"வாசி ஜெப்ஸி" என்றான் டிக்சன் மைக்கில்.

அவள் ஒரு கீர்த்தனை வாசித்தாள். ஒவ்வொரு சுரமும் கண்ணாடி மாதிரி விழுந்தது. ஒரு உறுமல் இல்லை, ஒரு முனகல் இல்லை. சபை முழுக்கக் கை தட்டியது. சத்தியராஜ் ஓடிவந்து, "இனி நம்ம குழுவுலயே வாசிக்கலாம், மூணாவது வரிசையில ஒரு எடம் இருக்கு" என்றார். "நாடகத்துக்குக் கவலைப்படாத. புயல் சத்தம் எல்லாம் இப்ப கீபோர்டுலயே இருக்கு."

"நன்றி சொல்லு ஏளா" என்றாள் ஜெயபாய், பல்லைக் கடித்துக்கொண்டு. ஜெப்ஸி மைக்கில் நன்றி சொன்னாள்.

வீட்டில் அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது கேட்டாள்: "பழைய சாமானெல்லாம் எங்க அத்தான்? அந்தப் பிளேட்டு, காயில்?"

"அந்தக் குப்பையா? அங்கனயே போடச் சொல்லிட்டேன்."

"நான் சுத்துன காயில்?"

அவன் திரும்பி அவளை நேராகப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. கல்யாணமானதிலிருந்து அவன் சிரிக்காமல் அவளிடம் பேசியது அந்த ஒரு தடவைதான். "கெடுத்தவனே சரிபண்ணிட்டேன். இப்ப யாரு என்ன சொல்லுவா?" என்றான்.

வீட்டில் ஆளில்லாத ஒரு நாள் அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து உட்கார்ந்தாள். எர்த் வயரைக் கழற்றினாள். உறுமல் வந்தது, ஆனால் கொசு பறக்கிற அளவுக்குத்தான். உறுமல் ஏறாமலிருக்க உள்ளே முழுக்கச் செம்புத் தகடு ஒட்டி மறைத்திருந்தார்கள். பிரிட்ஜைத் தளர்த்தி முன்னால் தள்ளப் பார்த்தாள். எவ்வளவு தள்ளுவது? அவன் எதையும் அளக்காமல் அடித்தவன். அவள் கையோ அளந்து பழகிய கை. எங்கே வைத்தாலும் அது முறையான ஒரு தப்பாகத்தான் வந்தது. உப்பைத் தூவினாள். பாலிஷின் மேல் அது சத்தமில்லாமல் வழுக்கி விழுந்தது.

நிமிர்ந்தபோது டிக்சன் வாசலில் ஷூவோடு நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவன் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"கழட்டாத ஏளா. வாரன்டி போயிரும்."

அவள் வயரை மாட்டி, திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினாள். முறுக்கி முடிகிற வரைக்கும் அவன் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

இப்போது ஞாயிறுதோறும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாசிக்கிறாள். இடம் மாறாமல், தப்பு வராமல் வாசிக்கிறாள். கீபோர்டு சத்தத்தில் அது கேட்காது.

பக்கத்துச் சேகரத்திலிருந்து போன மாசம் இரண்டு பேர் வந்தார்கள். இந்த வருஷமும் அவள் வந்து அந்தச் சத்தங்களைப் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். டிக்சன் அவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

"அந்தக் கிட்டார் இப்ப நல்லாயிட்டு" என்றான். "அதனால இனி முடியாது."

அவர்கள் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெப்ஸி டீ கொண்டுவந்து வைத்தாள். சீனி போதுமா என்று கேட்டாள்.