விருந்தாளிக்காக மூட்டிய கணப்பு

காலையில் எனிட் கிரீன்வுட் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது சுவரில் இரண்டு தட்டு கேட்டது. டொக், டொக். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் அது, தட்டு பக்கத்து வீட்டுப் பக்கமிருந்து.

பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. மேவிஸ் போன ஜனவரியில் செத்துப்போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவில் பூட்டுதான் தொங்கியது.

எனிட் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. பிரார்த்தனைக் கூடத்துக்குக்கூடக் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் போவாள். "குழாய்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் குழாய் எதற்காக இரண்டே தட்டோடு நிறுத்த வேண்டும்? நாற்பது வருஷமாக மேவிஸ் அப்படித்தான் கணப்பைக் கிளறும் கம்பியால் சுவரில் தட்டுவாள். கெட்டில் கொதித்துவிட்டது, வாடி என்று அர்த்தம். எனிட் ஒரு தட்டு திருப்பித் தட்டிவிட்டு, செருப்போடு ஓடுவாள். இப்போது அவள் திருப்பித் தட்டவில்லை. கோட்டை இழுத்து மூடிக்கொண்டு தேநீரை ஊற்றினாள்.

இருவரும் பதினைந்து வயதில் ஒரே ஆலையில் சேர்ந்தவர்கள். யார்க்‌ஷயரின் அந்தப் பள்ளத்தாக்கில் அன்று வேறு வேலை ஏது? தறிகள் போடும் இரைச்சலில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லாப் பெண்களும் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் அவனுடைய தொப்பையைப் பற்றி ஒரு முழுக் கதையே ஓடும், அவனுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஆலை மூடி எத்தனையோ காலம் ஆகியும் இந்த இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. எனிட்டின் கணவன் கிளிஃபோர்டின் சவ அடக்கத்தின்போது, பாதிரியார் உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்க, எதிர் வரிசையிலிருந்து மேவிஸ் உதட்டாலேயே, "இவரு யாரப் பத்திடி சொல்றாரு? நம்ம கிளிஃபோர்டா இது?" என்று கேட்டாள். எனிட் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். பாவம், அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்த உதடுகள்தான் இப்போது எனிட்டைத் தூங்கவிடவில்லை.

அந்தத் தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் தனியாக இருந்தால் கோட்டுப் போட்டுக்கொண்டு, மடியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு நடுங்கலாம். ஆனால் ஒருவர் வருகிறார் என்றால் கணப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்கிவிட வேண்டும். குளிர்ந்த வீட்டில் ஒருவரை உட்காரவைத்தால் மானம் கப்பலேறிவிடும். இந்த வீம்பை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, அவர்களை ஒரு குளிர்காலம் முழுக்க அந்தத் தெருவில் குடிவைக்க வேண்டும்.

போன வருஷம் நகராட்சியிலிருந்து ரஃபியா என்ற பெண் மேவிஸைப் பார்க்க வந்தாள். வயதானவர்களின் வீட்டுக்கு, அறைகளைச் சூடாக்கும் புது பாய்லரும், சுவருக்குக் குளிர்காப்பும் போட்டுத்தர நகராட்சி மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. கேட்டவர்கள் நிறையப் பேர், அதனால் யார் வீடு ரொம்ப மோசம் என்று நேரில் பார்த்து அவர்களுக்கு முதலில் கொடுப்பார்கள். மேவிஸின் பாய்லர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உருப்படியாக இருந்தது முன்னறைக் கணப்பு ஒன்றுதான்.

"என் மின்கணப்பையும் தூக்கிட்டு வரேன்டி" என்றாள் எனிட். "அந்தப் பொண்ணு வந்து விறைச்சுப்போய் உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

"கொண்டா, கொண்டா. அவ முன்னாடி நாம என்ன பிச்சைக்காரிங்களா?"

ரஃபியா வந்து உட்கார்ந்தபோது அறை அடுப்படிபோல் இருந்தது. அவள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மேவிஸ் வெண்ணெய் தடவிய பன்னை நீட்டினாள்.

"வீடு எப்பவுமே இப்படித்தான் கதகதன்னு இருக்குமாம்மா?"

"எப்பவும்தான் கண்ணு. எனக்கென்ன குறை?"

எனிட் வாயைத் திறந்தாள். ரஃபியாவின் தலைக்கு மேலாக மேவிஸின் உதடுகள் அசைந்தன. *சொல்லாதடி.*

எனிட் சொல்லவில்லை. எழுந்து எல்லோருக்கும் இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினாள்.

மேவிஸ் காத்திருப்பவர்களின் வரிசையில் பின்னால் போனாள். ஜனவரியில் ஆற்றோரம் பனிக்கட்டி கட்டியது. ஒரு நாள் காலையில் சுவரில் தட்டு கேட்கவில்லை. எனிட் தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு உள்ளே போனாள். மேவிஸ் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணப்பு அணைந்திருந்தது. அன்று அவள் வீட்டுக்கு யாரும் வருவதாக இல்லையே. டாக்டர் மாரடைப்பு என்றார். எனிட் தலையாட்டினாள், ஆனால் அது எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

இந்த வருஷம் எனிட்டின் பாய்லரும் படுத்துவிட்டது. நெஞ்சுச்சளி வேறு. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். இன்னொரு குளிர்காலத்தை இந்த வீட்டில் தாங்கமாட்டீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ரஃபியா பார்க்க வருவதாகப் போன் வந்தது.

வியாழக்கிழமை எனிட் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? விடிந்ததும் கணப்பைப் பற்றவைத்தாள். மின்கணப்பை இழுத்துவந்து சோபா பக்கத்தில் வைத்தாள். நல்ல கோப்பைகளை எடுத்துத் துடைத்தாள். எல்லாம் கையே செய்தது, அவளைக் கேட்டா செய்தது? ரஃபியா கதவைத் தட்டியபோது அறை மேவிஸின் அறைபோலவே அடுப்படியாகியிருந்தது.

"அப்பாடா, என்ன கதகதப்பு!" என்று ரஃபியா உள்ளே வந்தாள். கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினாள்.

சுவரில் டொக், டொக் என்று கேட்டது.

"பக்கத்து வீட்ல ஆள் இருக்காங்களா?" என்றாள் ரஃபியா.

அவளுக்கும் கேட்டிருக்கிறது.

"கோட்டைக் கழட்டாத கண்ணு" என்றாள் எனிட். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மாடிக்கு வா."

மாடிப்படியின் பாதியிலேயே குளிர் வந்து முகத்தில் அறைந்தது. படுக்கையறைச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஜன்னலின் உட்புறம் நீர் வழிந்து திரைச்சீலை ஊறிக்கிடந்தது. கட்டிலில் போர்வைகளுக்கு மேல் கிளிஃபோர்டின் பழைய ஓவர்கோட்டு. இருவர் மூச்சும் புகையாக நின்றது. எனிட்டுக்கு அவமானத்தில் காது சிவந்தது. துணியில்லாமல் நின்றால்கூட அவ்வளவு கூசியிருக்காது.

"இதான் என் வீடு. கீழ நீ பாத்தது உனக்காக மூட்டினது. மேவிஸ் வீட்லயும் அதான் பண்ணோம். என் மின்கணப்பையும் நானே தூக்கிட்டுப் போனேன். அவ சொல்லாதன்னா, நானும் சொல்லாம இருந்துட்டேன்."

ரஃபியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கு அங்க நான் கோட்டைக் கழட்டி மடியில வச்சிருந்தேன்" என்றாள். "அவங்க போயிட்டாங்கன்னு கேட்டதுலேந்து அதேதான் ஞாபகம் வருது. மாடிக்குப் போய்ப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லியே, மிஸஸ் கிரீன்வுட்."

"நாங்க தோணவிட்டாத்தான?" என்றாள் எனிட்.

நவம்பர் முடிவதற்குள் மானியம் வந்தது. ஆட்கள் வந்து பழைய குழாய்களைப் பிடுங்கிவிட்டுப் புது பாய்லரும் ரேடியேட்டர்களும் மாட்டினார்கள். அவர்களில் ஒருவன் துருப்பிடித்த குழாய்த் துண்டைக் காட்டி, "இதுதாம்மா, அடுப்புச் சூடோ கணப்புச் சூடோ பட்டா கொஞ்சம் நீண்டு சுவத்துல இடிச்சிருக்கு. சத்தம் கேட்டிருக்குமே?" என்றான்.

"கேட்டுது" என்றாள் எனிட்.

வீடு முழுக்க வெதுவெதுப்பானது. மாடியில் மூச்சு புகையவில்லை. இருமல் குறைந்தது. தட்டும் நின்றது. எத்தனையோ காலைகளில் கெட்டில் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றுபார்த்தாள். ஒன்றும் இல்லை. அந்தச் சத்தத்துக்குப் பயந்தவள், இப்போது அது இல்லாமல் தவித்தாள்.

ஜனவரியில் மீண்டும் ஆற்றோரம் பனிக்கட்டி கட்டியது. எனிட் கணப்புக் கம்பியை எடுத்துச் சுவரில் இரண்டு தட்டு தட்டினாள். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். சுவர் வெதுவெதுவென்றிருந்தது. ஒற்றைச் சுவர்தானே, இந்தச் சூடு அந்தப் பக்கமும் போயிருக்கும். அங்கே ஒரு காலி நாற்காலி குளிர்காய்ந்துகொண்டிருக்கும்.

சுவருக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

*சொல்லிட்டேன்டி.*