பிரித்துப் பார்த்த தோட்டாக்கள்

என் சித்தப்பா ஜோக்கிம் மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே சீசா என்ற பகுதியில், உரிமம் பெற்ற பழந்துப்பாக்கிப் பட்டறை ஒன்றில் வேலை. தோட்டா போடாத துப்பாக்கிதான் என்று யார் கொடுத்தாலும் தோட்டா இருக்கும் அறையைத் திறந்து பார்ப்பார். சுண்டுவிரலை விட்டும் பார்ப்பார். சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்புவதும் அவர்தான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், அவர் நிரப்பிய தோட்டாவைச் சுட்டபோது வீத்தோ என்பவரின் துப்பாக்கி வெடித்தது. இரண்டு விரல்கள் போயின. இரும்பு பழசு என்று எல்லோரும் முடித்துவிட்டார்கள். வீத்தோவும் அப்படியே நம்பினார். பல்லாரோ சந்தையில் அவர் ஆசையாகக் கூப்பிட்டால், சித்தப்பா கேளாதவர்போல் அடுத்த சந்துக்குள் திரும்பிவிடுவார்.

போன சனிக்கிழமை மத்தியானம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மறுநாள் ஒருவர் சுடுவதற்காக நிரப்பிய நாற்பது தோட்டாக்கள் மேசையில் நின்றன. சித்தப்பா அவற்றைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயில் மணி அடிச்சது, பிள்ளை. எழும்பித் திரிகால செபம் சொன்னனான். திரும்பி வந்து ஒரு கோதுக்கு மருந்து போட்டன். அதுக்கு முதலே போட்டிருந்தனோ தெரியேல்லை. உள்ளுக்கு ரோர்ச் வெளிச்சம் அடிச்சுப் பார்க்காமல் குண்டையும் வைச்சு அமத்திப்போட்டன்."

ஒரு தரம் போடும் மருந்து கோதில் பாதிகூட வராது. இரண்டு தரம் விழுந்தாலும் வெளியே தெரியாது. பழைய இரும்பு தாங்காது.

"தோட்டாவைப் பிரிக்காமல் நிறுத்துப் பாருங்கோவன்."

"கோதும் குண்டும் ஒவ்வொண்டு ஒவ்வொரு நிறை. படிச்ச பிள்ளை கதைக்கிற கதையே இது?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், படித்தது புள்ளியியல். தராசை எடுத்து வைத்தேன்.

ஒவ்வொன்றாகக் குண்டைக் கழற்றி, மருந்தைத் தராசில் கொட்டினார். நான் நிறையை வாசித்தேன். முப்பத்தொன்று சரி. அடுத்தது இரண்டு மடங்கு.

சித்தப்பா திடுக்கிடவில்லை. "வீத்தோவின்ரையையும் அண்டைக்கு மத்தியானம்தான் நிரப்பினனான்," என்றார்.

"இது நடந்ததெண்டு அதுவும் நடந்திருக்க வேணுமே?"

"ஓம். நடக்கேல்லை எண்டும் இல்லையே."

மீதி எட்டையும் பிரித்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"வீத்தோ வீட்டை போறன், இதைச் சொல்ல. நீயும் வா."

"முதலாளி அறிஞ்சால் வேலை போகும், சித்தப்பா. நான் என்னத்துக்கு?"

"நான் கதவுமட்டும் போய்த் திரும்பினாலும் திரும்புவன். மூண்டு தரம் அப்பிடித்தான் வந்தனான்."

வீத்தோவின் வீடு அல்பெர்கேரியா பகுதியில், மூன்றாம் மாடி. சித்தப்பா கதவின் முன் நெடுநேரம் நின்றார். தட்டியது நான். அது என் வேலையா என்று இன்னும் தெரியவில்லை. உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. சித்தப்பா நகரவில்லை.