மாமியை ஆர் பாக்கிறது?

என் தாள்களை மூடி வைத்துவிட்டு விரிவுரையாளர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. முதுநிலைத் தாதியியல் படிப்பில் நான் சேர்ந்தபோது, வார்ட் சிஸ்டராகப் பல வருடம் வேலை செய்திருந்தேன். அவரோ என்னைவிட இளையவர். நான் அவரை மிஸ் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். பாடத்தில் பெண்ணியப் பார்வை என்றொரு பகுதியை அவர் சேர்த்தபோது, புண்ணுக்கு மருந்து கட்டுகிற எங்களுக்கு இது எதற்கென்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

அன்று நான் எழுதிக் கொடுத்திருந்தது, சர்க்கரை நோயால் காலில் புண் வந்த அச்சுவேலிப் பெண் ஒருவரைப் பற்றி. சொல்வழி கேளாமல், புண் ஆறுமுன்பே தானாகக் கேட்டுத் துண்டு வெட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போனவர். ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதியிருந்தேன்.

“அவவின்ரை வீட்டிலை ஆர் சமைக்கிறது, அக்கா?”

எனக்குத் தெரியவில்லை.

“அப்ப போய்ப் பாப்பம்.”

சனிக்கிழமை மிஸ்ஸின் ஸ்கூட்டரில் அச்சுவேலிக்குப் போனோம். அந்தப் பெண் புண் காலோடு கிணற்றடியில் நின்று, படுக்கையில் கிடந்த மாமியாரின் துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“காலைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கச் சொல்லுறியள். மாமியை ஆர் பாக்கிறது?” என்றார்.

கணவர் முற்றத்தில் வெங்காயம் பரப்பிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் அந்தப் பெண்ணுக்கே அறிவுரை சொல்ல நான் வாயெடுத்தேன். மிஸ் கணவரைக் கூப்பிட்டார்.

“அண்ணை, கையைக் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறது எப்பிடியெண்டு காட்டித்தாறன்.”

“அது பொம்பிளையள் செய்யிற வேலையெல்லோ, பிள்ளை?”

“ஆஸ்பத்திரியிலை ஆம்பிளை நேர்ஸ்மாரும் செய்யினம். இவ உங்களைப் பெத்த அம்மாவெல்லோ?”

அவர் வெங்காயத்தை விட்டு எழுந்தார். பிறகு வாளியில் தண்ணீர் அள்ளினார். உள்ளே போய், மிஸ் காட்டியபடி தாயின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் திருப்பினார். அந்தத் தாய் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது கோப்பாயில் மிஸ் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார்.

“என்ரை அம்மாவும் பாரிசவாதத்திலை கிடக்கிறா, அக்கா. விடிய எழும்பி அவவுக்கு எல்லாம் செய்துபோட்டுத்தான் வகுப்புக்கு வாறனான். என்ரை அண்ணை பக்கத்து வளவிலைதான் இருக்கிறார். நான் ஒருநாளும் அவரை உதவிக்குக் கேட்டதில்லை.”

அவர் கண் கலங்கியிருந்தது.

“இண்டைக்குக் கேளுங்கோ, மிஸ்” என்றேன்.

அச்சுவேலிப் பெண்ணின் புண் மெல்ல ஆறியது. இன்று அந்தப் பாடத்தை நான் நடத்துகிறேன். பெண்ணியத்துக்கும் தாதியியலுக்கும் என்ன தொடர்பென்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. மிஸ் வழக்கத்தைவிட நேரத்தோடு வந்து, வகுப்பு வாசலில் எனக்காகக் காத்து நின்றார்.

“அண்ணை கஞ்சி காய்ச்சினவர், அக்கா. உப்புக் கூடிப்போச்சு” என்று சிரித்தார். “அம்மா ஒண்டும் சொல்லேல்லை. முழுக்கக் குடிச்சவ.”