விண்வெளி வாயுவுக்குச் சாம்பிராணி

சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில்வே கேட்டைத் தாண்டி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கச் செயலாளர் மனை புரோக்கர். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. போன வருடம் வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் வாயு மேகம் பூமியை நோக்கி வருகிறதாம், எல்லோருக்கும் மூச்சு முட்டுமாம். பின்னணியில் உடுக்கைச் சத்தம் வேறு.

நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சங்கக் கூட்டத்தில் எழுந்து விளக்கினேன். அந்த வாயு பெரும்பாலும் ஹைட்ரஜன். இப்போதும் அதன் நடுவில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். சூரியனிலிருந்து வீசும் காற்று அதைப் பெரும்பாலும் தள்ளியே வைத்திருக்கிறது. என்றைக்காவது மிக அடர்ந்த மேகத்துக்குள் நுழைந்தால், அது வளிமண்டலத்தின் உச்சியில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராகும். அங்கே மெல்லிய பனிமேகங்கள் கூடலாம், ஓசோன் குறையலாம். அதுவும் மெதுவாக, பல தலைமுறைகளில். மூன்றாவது மாடி ஜன்னல் வழியாக உள்ளே வராது.

"பாத்தீங்களா, மேல கேஸ் கீதுன்னு சாரே ஒத்துக்கினாரு!" என்றார் செயலாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். பாதிப் பேர் இன்ஜினியர்கள், வெட்கமாக இருந்தது.

பரிகாரத்தையும் அவரே சொன்னார். மாடிப்படி ஜன்னல்களை டேப் ஒட்டி மூடிவிட்டு, மாடிக்கொரு சட்டி சாம்பிராணி. என் மனைவிக்கு ஆஸ்துமா, வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"அதுக்குதான் சார், அவங்களுக்கு மொதல்ல போடணும்" என்று இருப்பதிலேயே பெரிய சட்டியை எங்கள் வாசலில் வைத்தார்.

சாயங்காலம் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. பேச முடியாமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எப்படியோ ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நெபுலைசர் வைத்த டாக்டர் முதலில் கேட்டது, "வீட்ல ஏதாவது புகை போட்டீங்களா?"

மறுநாள் மெதுவாகப் படியேறி வீட்டுக்கு வந்தோம். அவளைக் கட்டிலில் சாய்த்துவிட்டு போனைப் பார்த்தேன். குழுவில் செயலாளர் எழுதியிருந்தார்: 'நம் பிளாக்கில் முதல் பாதிப்பு. படித்தவர்களே அலட்சியம் செய்தால் எப்படி?' கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர், எந்த ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம் என்று விசாரித்திருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தபோது வாசல் கதவின் அடியில் புகை நுழைந்தது. கதவைத் திறந்தேன். செயலாளர் புதுத் தணலை விசிறிக்கொண்டிருந்தார்.

"மேடத்துக்காகத்தான் சார்" என்றார்.