ஸ்டெல்லா முகர்ந்த தட்டு

மார்க்கெட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் கறுப்புத் திராட்சை வந்திருந்தது. கொட்டை உள்ள பழைய ரகம். பக்கத்தில் போனாலே மூக்கைத் துளைக்கும். ஒரு கொத்தை எடுத்து முகர்ந்தேன். மற்றவர்களுக்கு இந்த வாசனையில் ஜூஸ் ஞாபகம் வரும், ஜாம் ஞாபகம் வரும். எனக்கு வந்தது சீழ் பிடித்த புண் ஞாபகம். என் முகம் எப்படிப் போனதோ, வண்டிக்காரர் புளிக்கவே புளிக்காது என்று கன்னடத்தில் சத்தியம் செய்தார்.

சொன்னால் உங்களுக்கு அருவருப்பாக இருக்கும். இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? சூடோமோனாஸ் என்று ஒரு பாக்டீரியா. தீக்காயத்திலும் ஆறாத புண்ணிலும் குடியேறிக்கொள்ளும். வளர்த்துப் பார்த்தால் அச்சு அசல் இந்தத் திராட்சை வாசனைதான்.

மைசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில்தான் எனக்கு முதல் வேலை. நோயாளியின் சீழையோ ரத்தத்தையோ, கிருமிக்குத் தீனி ஊற்றி உறையவைத்த கண்ணாடித் தட்டில் தடவி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்துவிடுவோம். பிளேட் என்போம் அதை. மறுநாள் காலையில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். நிறம், பளபளப்பு, வாசனை எல்லாம் பார்த்து இன்ன கிருமி என்று ஊகிப்போம். சோதனைகள் செய்து உறுதிப்படுத்த இன்னும் ஒரு நாள் ஆகும். கெட்டுப்போன மீன் வாடை அடித்தால் ப்ரோட்டியஸ். இன்னொன்று பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் போல மணக்கும், அதுவும் சீழிலிருந்து வந்ததுதான். அந்த மிட்டாயை அதற்குப் பிறகு நான் தொட்டதே இல்லை.

வாசனை பார்க்க வேண்டியிருந்ததால் எங்கள் லேபில் ஒரு வழக்கம் இருந்தது. பிளேட் பார்க்கும்போது தலையில் பூ கூடாது. மல்லிகைக்குப் பேர்போன ஊரில் இது கொஞ்சம் அநியாயம்தான். நானும் ஸ்டெல்லாவும் வந்ததும் பூச்சரத்தைக் கழற்றிக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டுவோம். சாயங்காலம் வாடிய சரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவோம்.

ஸ்டெல்லா என் வயதுக்காரி. அவள் அம்மா நர்ஸ். நாலு தலைமுறையாக மைசூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம் என்பதால் அவள் தமிழில் பாதி கன்னடம். 'டீ' போட வேண்டிய இடத்திலெல்லாம் 'கணே' போடுவாள். அவளுக்கு வாய்த்த மூக்கு மாதிரி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு பிளேட்டையும் ஆளுக்கொரு முறை முகர்ந்து, ஊகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்போம். சோதனை முடிவு வந்ததும் திருப்பிப் பார்ப்போம். தோற்றவள் சுருமுரி வாங்கித் தர வேண்டும். பொரியில் மாங்காயும் வெங்காயமும் காரமும் போட்டுப் பொட்டலத்தில் தருவார்களே, அதுதான். அநேகமாக நான்தான் வாங்கித் தருவேன்.

ஒரு தடவை தமிழ்நாட்டு எல்லையோரம் ராமாபுரத்துப் பக்கமிருந்து ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்து அட்மிட் ஆனார். ரத்தம் எடுக்கப் போனபோது என்னிடம் சொன்னார். "பொழுது எறங்குனாப் போதுங்க, காச்சல் வந்துருதுங்க. கை காலெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல வலிக்குது."

டைபாய்டாக இருக்கும் என்று நினைத்தோம். டைபாய்டு என்றால் மறுநாளே பிளேட்டில் தெரிந்திருக்கும். இதிலோ நாலாம் நாள்தான் ஏதோ முளைத்தது, பனித்துளி மாதிரிப் பொடிப்பொடியாக. அந்த வாரம் நான் மூன்று நாள் தொடர்ந்து தோற்றிருந்தேன். நாலாவதாகத் தோற்க மனசில்லை. எனக்கு ஜலதோஷம் என்று ஒரு பொய்யைச் சொல்லி, பிளேட்டை அவள் பக்கம் தள்ளினேன். "நீயே பாரு."

அவள் தனக்கு ஒரு முறை, எனக்காக ஒரு முறை, நன்றாக இழுத்து முகர்ந்தாள். "ஒண்ணுமே வாசனை இல்ல கணே" என்றாள். காற்றிலிருந்து விழுந்த குப்பைக் கிருமியாக இருக்கும் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு கட்டினோம். ஒன்றும் வளரவில்லை என்று ரிப்போர்ட் போய்விட்டது. ஆட்டுக்காரரும் டைபாய்டு மாத்திரையோடு ஊருக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் ஏறும், விடிந்தால் வேர்த்து இறங்கும். டைபாய்டுக்கு மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. டிபியா என்று பார்த்தார்கள், இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தாள். ஒரு மாதத்தில் அவள் வளையல் முழங்கை வரை ஏறிப்போனது. "நான் பொழைப்பேனா கணே?" என்று ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டாள். நான் அந்த வளையலை மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டேன்.

அவள் ரத்தத்தை நான்தான் பாட்டிலில் போட்டு வளர்த்தேன். ஏழு நாளில் ஒன்றும் வரவில்லை என்றால் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. "இன்னும் எதுக்கு அதக் கட்டிட்டு அழறே?" என்று லேப் டாக்டரம்மா கேட்டார். எனக்கே தெரியவில்லை. கொட்டினால் அவளையே கைவிட்டது போல் இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை. தினமும் அதிலிருந்து ஒரு துளி எடுத்துப் புது பிளேட்டில் தடவி வைத்தேன். பத்தாம் நாள் பெட்டியைத் திறந்தேன். பனித்துளி மாதிரிப் பொடிப்பொடியாக முளைத்திருந்தது.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆட்டுக்காரரின் பிளேட்! டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். பொடிமணலைத் தூவியது போல் இருந்தது. தடிமனான புத்தகத்தைப் புரட்டினார், சோதனைகள் செய்தார். ப்ரூசெல்லா. ஆடு மாடுகளிடமிருந்து வருவது. மூச்சில் போனாலே தொற்றிவிடும் என்று எழுதியிருந்தது. அன்றே ராமாபுரத்துக்கும் கடிதம் போட்டோம். ஆட்டுக்காரர் வந்து சேர்ந்தார். இருவருக்கும் ஒரே மருந்து, ஆறு வாரம்.

பெயர் தெரிந்துவிட்டது, இனி பயமில்லை என்று வார்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். சொன்ன கையோடு ஜலதோஷம் பொய் என்பதையும் சொல்லி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"தெரியும் கணே. ஜலதோஷம் புடிச்சா நீ மூக்கால பேசுவே. அன்னைக்கு நல்லாத்தானே பேசினே."

"தெரிஞ்சும் ஏன் மோந்து பாத்தே?"

"மூணு நாளா தோத்துட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தே. பாவமா இருந்துச்சு" என்றாள்.

அந்த வாரமே எந்த பிளேட்டையும் முகரக் கூடாது என்று லேபில் பலகை மாட்டினார்கள். ஸ்டெல்லா பிழைத்தாள். ஆனால் மூட்டுவலி விடவில்லை, லேபுக்கும் அவள் திரும்பவில்லை. கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போன் செய்வாள். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டாள்.

சமீபத்தில் என் சர்க்கரையைப் பார்க்க அதே லேபுக்குப் போயிருந்தேன். பிளேட் எல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. ஒரு கருவிக்குள் வைத்தால் சில நிமிடத்தில் கிருமியின் பெயரைத் திரையில் காட்டுகிறது. அங்கிருந்த பெண்ணிடம் முன்பெல்லாம் முகர்ந்து பார்ப்போம் என்றேன். "அய்யோ ஆன்ட்டி!" என்று முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் செய்ததுதான் சரி. இனி எவளும் சிநேகிதிக்காக ஒரு பிளேட்டை முகர்ந்து படுக்கையில் விழ மாட்டாள். நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? எனக்கு ஸ்டெல்லா வேண்டும், அவ்வளவுதான்.