கடலை எண்ணெய்க்கு அசராத கிருமிகள்

பரிசோதனைக்கூட நண்பர்களே, ஊரே கிருமிக்குப் பயந்து கை கழுவும்போது, அதைத் தட்டில் ஊட்டி வளர்த்துச் சம்பளம் வாங்கும் பிழைப்பு நம்முடையது. காக்களூர் தொழிற்பேட்டையில் எண்ணெய் சோதிக்கும் எனக்கு, கஸ்தூரி அக்காவின் கடலை எண்ணெய் கொடுத்த பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஓஹோ என்று ஒரு வட்டம்

திருவாலங்காட்டில் செக்கு வைத்திருக்கும் அக்கா, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் கேன்டீனுக்கு எண்ணெய் கொடுக்க ஆசைப்பட்டார். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் செக்கு ஓடும். இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான். தன் எண்ணெய் கிருமியையே கொல்லும் என்று கேன்டீன் மேனேஜரிடம் அளந்துவிட்டு, அதற்கு ரிப்போர்ட் கேட்டு எங்களிடம் வந்தார்.

கிருமி பரப்பிய தட்டின் நடுவில் எண்ணெயை வைப்போம். கிருமி செத்தால் சுற்றிலும் தெளிவாக ஒரு வட்டம் விழும். அக்காவின் எண்ணெய்க்குத் தட்டு முழுக்கத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. பிறகுதான் அவர் கொண்டுவந்த பாட்டிலை மோந்து பார்த்தேன். பினாயில் வாடை! கேட்டதற்கு அக்கா சொன்னார்: "கிருமி டெஸ்ட்டுன்னு நீதானம்மா சொன்ன? நம்ம பாட்டில்ல கிருமி இருந்தா அசிங்கமாச்சேன்னு பினாயில் ஊத்திக் கழுவிக்கினு வந்தேன்."

குடியேறிய கூட்டம்

வேறு பாட்டிலில் புது எண்ணெய் வாங்கிச் சோதித்தோம். வட்டம் மருந்துக்குக்கூட இல்லை. கிருமிகள் எண்ணெயின் விளிம்பு வரை வந்து குடியேறியிருந்தன. அக்காவின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் பாபு தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொல்றதாவது மேடம்? நாஷ்டா துன்னா மாதிரி கொழுகொழுன்னு கீதுங்க!"

சூட்டுப்பெட்டியில் நாற்றம்

சூடும் காற்றும் பட்டாலும் கெட்டுப்போய்ச் சிக்கு வாடை அடிக்காமல் எண்ணெய் தாங்குமா என்பது இன்னொரு சோதனை. கடலை எண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் வைட்டமின் ஈ அதற்குக் கை கொடுக்கும். அதிலாவது அக்கா தேறட்டும் என்று எண்ணெயைச் சூட்டுப்பெட்டியில் நாள்கணக்கில் வைத்தேன். ஒருநாள் திறந்தால் குப்பென்று நாற்றம். போச்சுடா, செக்கை மூட வேண்டியதுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

விசாரித்தால், பாபு தன் மதியச் சாப்பாட்டை அதற்குள் வைத்துச் சூடு பண்ணியிருக்கிறார். முதலிலிருந்து மறுபடியும் சோதித்தோம். இந்தத் தடவை எண்ணெய் ஜம்மென்று தாங்கியது. இவ்வளவு பாடு படுத்திய பாபு கூசாமல் சொன்னது: "கோச்சிக்காதீங்க மேடம், அன்னிக்கு எண்ணெ கெட்டுச்சோ இல்லியோ, பழவேற்காட்டுக் கருவாடு கெடல."

கேன்டீன் வாசலில்

ரிப்போர்ட்டோடு என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு அக்கா கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறினார். மேனேஜர் படித்துவிட்டு, "கிருமியைக் கொல்லும்னீங்க, கொல்லாதுன்னுல்ல போட்டிருக்கு?" என்றார். அக்கா சளைக்கவில்லை. "கிருமியக் கொல்றதுக்குத்தான் நீங்க அடுப்பு வச்சிகினு கீறீங்களே சார். உங்களுக்கு வோண்டியது சிக்கு வாட அடிக்காத எண்ணெ. அது என்னாண்ட கீது" என்றார். மேனேஜர் சிரித்தே விட்டார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "திங்கக்கிழமைல இருந்து குடுக்க முடியுமா?"

ஒரு கிருமியைக்கூடக் கொல்லாத எண்ணெயை விற்றுக் கொடுத்தது எங்கள் ரிப்போர்ட்தான் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அக்காவோ, விற்றது தன் வாய்தான் என்று இன்னும் சாதிக்கிறார்.